நினைவும் ஹார்மோன்களும்: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

நினைவாற்றலுக்கும் ஹார்மோன்களுக்கும் உள்ள தொடர்பைக் கேட்டு வந்த கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். உடல்நிலை பற்றிய செய்திகள் இருப்பதால், எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஹார்மோன்கள் ரத்தத்தில் ஓடுகின்றன, டோபமைன், செரடோனின் போன்றவை மூளைக்குள்ளேயே சுரக்கின்றன. இந்த இரண்டு வகையும் எங்கே சந்திக்கின்றன? நினைவு என்பது இவற்றுள் எதில் இருக்கிறது? (அறிவியல் பட்டதாரி ஒருவர்)

நினைவு இவற்றுள் எதிலும் தங்கியிருப்பதில்லை. அது நரம்பணுக்களுக்கு இடையே உள்ள இணைப்புகளின் வலிமையில் இருக்கிறது. அன்றாட நிகழ்ச்சிகளையும் செய்திகளையும் நினைவாக்குவதில் முதலிடம் வகிப்பது ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி. கடுமையான வலிப்பு நோய்க்காக 1953இல் ஹென்றி மொலேசன் என்பவருக்கு நடந்த அறுவையில் இரு பக்கத்து ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியும் அகற்றப்பட்டது. அதன் பிறகு 2008இல் இறக்கும்வரை, புதிதாக நடந்த எந்த நிகழ்ச்சியையும் அவரால் மனத்தில் நிறுத்திக்கொள்ள முடியவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்ததால்தான் இந்தப் பகுதியின் பணி உலகுக்குத் தெரிந்தது.

ஆஸ்லோவில் முயலின் ஹிப்போகாம்பஸை ஆராய்ந்த டிம் பிளிஸ், டெர்யே லோமோ ஆகிய இருவரும், அதற்குள் நுழையும் நரம்பிழைகளைச் சிறிது நேரம் விரைவாகத் தூண்டினால் அந்த இணைப்புகள் மணிக்கணக்கில் முன்னைவிட வலுவாகச் செயல்படுகின்றன என்பதை 1973இல் வெளியிட்டனர். இதற்கு அடிப்படையான வேதிப்பொருள் குளுட்டமேட். அதை ஏற்கும் ஒருவகை ஏற்பியின் வாயிலை மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டிருக்கும். குளுட்டமேட் வந்து சேர்வதும், அதைப் பெறும் நரம்பணு ஏற்கெனவே தூண்டப்பட்டிருப்பதும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தால் மட்டுமே அந்த அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாய்கிறது. அந்தக் கால்சியத்தால் தொடங்கும் மாற்றங்கள் இணைப்பை உறுதியாக்குகின்றன. உறுதி நாள்கணக்கில் நீடிக்க வேண்டுமானால் நரம்பணுவின் உட்கருவில் சில மரபணுக்கள் இயங்கிப் புதிய புரதங்கள் உருவாக வேண்டும்.

நார்அட்ரினலின், டோபமைன், அசிட்டைல்கோலின், செரடோனின் ஆகியவை பெரும்பாலும் மூளையின் அடிப்பகுதியில் உள்ள சிறு நரம்பணுத் திரள்களிலிருந்து பரந்த இடங்களுக்குச் செல்கின்றன. நினைவைப் பொறுத்தவரை இவை செய்தியைச் சுமப்பதைவிட, மேலே சொன்ன மாற்றம் எளிதில் நிகழுமா நிகழாதா என்பதையே தீர்மானிக்கின்றன. கடல் நத்தை ஒன்றின் நரம்பணுக்களில் செரடோனின் எப்படி இணைப்புகளை வலுவாக்குகிறது, அது எப்படி மரபணுக்கள் வரை எட்டுகிறது என்பதைப் படிப்படியாகக் காட்டிய எரிக் கண்டெல் 2000ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களுள் ஒருவர்.

ஹார்மோன்கள் இதே நரம்பணுக்களை வேறு வழிகளில் அடைகின்றன. பதற்றத்தின்போது அட்ரீனல் சுரப்பி (சிறுநீரகத்தின் மேல் உள்ளது) மிகுதியாகச் சுரக்கும் கார்டிசால், பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் போன்றவை கொழுப்பில் கரைபவை; ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைக் கடந்து நரம்பணுவுக்குள் புகுந்து, உட்கருவில் எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதை மாற்றுகின்றன. இன்சுலினும் தைராய்டு ஹார்மோனும் கடத்திப் புரதங்களின் உதவியோடு உள்ளே செல்கின்றன. அட்ரினலின் உள்ளே நுழைவதே அரிது. அதன் செய்தி நரம்பு வழியாகப் போகிறது. எலிகளின் உடலில் செலுத்தப்பட்ட கார்டிசால் வகை அட்ரீனல் ஹார்மோன், மூளையின் மற்றப் பகுதிகளைவிட ஹிப்போகாம்பஸில் மிகுதியாகச் சேர்வதை புரூஸ் மெக்யூவனும் அவருடைய குழுவினரும் 1968இல் கண்டறிந்தனர். நினைவை உருவாக்கும் இடமே ஹார்மோனுக்கு மிகுதியாகச் செவிசாய்க்கும் இடமாகவும் இருப்பது அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. ஆகவே, இந்த இரண்டு வகையும் சந்திக்கும் இடம் ஒரே நரம்பணுதான். மூளை வேதிப்பொருள் நொடிகளில் செய்வதை ஹார்மோன் மணிக்கணக்கில் பெருக்குகிறது அல்லது அடக்குகிறது. அது பெருக்குமா அடக்குமா என்பது பெரும்பாலும் அளவையும் நேரத்தையும் பொறுத்தது. கீழே வரும் கேள்விகள் ஒவ்வொன்றிலும் இந்த நேரக் கணக்கு திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சாலை விபத்தில் தப்பினேன். அன்று கேட்ட சத்தம், பக்கத்தில் நின்றவரின் சட்டை நிறம் உட்பட எல்லாம் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய நாள் என்ன செய்தேன் என்பது சுத்தமாக நினைவில்லை. ஒரு நாளை மட்டும் மூளை இப்படிப் பிடித்துவைத்துக்கொள்வது ஏன்? (55 வயது வாசகர்)

ஆபத்தை உணர்ந்த சில நொடிகளில் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி அட்ரினலினை ரத்தத்தில் கலக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, கல்லீரல் சர்க்கரையை வெளிவிடுகிறது. அட்ரினலின் மூளைக்குள் அதிகம் நுழைவதில்லை என்று மேலே சொன்னேன். அது மார்பிலும் வயிற்றிலும் பரவியுள்ள வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது. அந்தச் செய்தி மூளைத்தண்டுக்குப் போய், அங்குள்ள நரம்பணுத் திரளை எழுப்பி, மூளை முழுவதும் நார்அட்ரினலினை வெளியிடச் செய்கிறது. உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவில் அந்த நார்அட்ரினலின் உயரும்போது, அமிக்டலா பக்கத்தில் உள்ள ஹிப்போகாம்பஸின் பணியை முடுக்கிவிடுகிறது. இதற்குப் பின்னால் வருவது கார்டிசால். அது 20 முதல் 30 நிமிடத்தில் உச்சத்தை எட்டி, அமிக்டலாவில் நார்அட்ரினலின் தொடங்கிவைத்த வேலையை வலுவாக்குகிறது. விலங்குகளில் அமிக்டலாவின் நார்அட்ரினலின் ஏற்பிகளை அடைத்துவிட்டால் கார்டிசால் வகை ஹார்மோனைக் கொடுத்தாலும் நினைவு வலுப்பெறுவதில்லை. ஹார்மோனும் மூளை வேதிப்பொருளும் ஒன்றையொன்று சார்ந்து வேலை செய்வதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மனிதர்களிடம் இதைக் காட்டியவர்கள் லேரி காஹிலும் ஜேம்ஸ் மெகாவும். 1994இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், ஒரு சிறுவன் விபத்தில் சிக்கும் கதையைப் படங்களோடு சிலருக்குச் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்குக் கதைக்கு முன்பே நார்அட்ரினலினின் செயலைத் தடுக்கும் புரோப்ரனோலால் என்ற மருந்தைக் கொடுத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, மருந்து உட்கொள்ளாதவர்கள் விபத்துப் பகுதியை மற்றப் பகுதிகளைவிட நன்றாக நினைவில் வைத்திருந்தனர். மருந்து உட்கொண்டவர்களுக்குச் சாதாரணப் பகுதிகள் மற்றவர்களைப் போலவே நினைவில் இருந்தன. உணர்ச்சி மிகுந்த பகுதிக்குக் கிடைக்க வேண்டிய கூடுதல் வலிமை மட்டும் கிடைக்கவில்லை.

முந்தைய நாள் உங்களுக்கு மறந்துபோனதும் இதே ஏற்பாட்டின் மறுபக்கம்தான். ஒவ்வொரு நாளும் ஹிப்போகாம்பஸ் நிறையச் செய்திகளைத் தற்காலிகமாக ஏற்கிறது. அவை உறுதிப்பட மணிக்கணக்கும் நாள்கணக்கும் ஆகும். அந்த இடைவெளியில் எவற்றைக் காக்க வேண்டும் என்று சொல்லும் வேலையை இந்த ஹார்மோன்கள் செய்கின்றன. முந்தைய நாளுக்கு அப்படி எந்தச் சமிக்ஞையும் வரவில்லை.

இருந்தாலும் உங்கள் கடிதத்தில் உள்ள "எல்லாம் நினைவிருக்கிறது" என்பதை நான் முழுமையாக ஏற்கத் தயங்குகிறேன். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்த செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கிய உல்ரிக் நைசரும் நிகோல் ஹார்ஷும், இரண்டரை ஆண்டுகளுக்குமேல் கழித்து அதையே மீண்டும் கேட்டனர். பலருடைய விடைகள் முதலில் எழுதியதோடு ஒத்துப்போகவில்லை. ஆனாலும் அவர்கள் அவற்றை மிகுந்த உறுதியோடு சொன்னார்கள். அதிர்ச்சியின் மையமான நிகழ்ச்சி ஆழமாகப் பதிகிறது. சட்டையின் நிறம் போன்ற ஓர விவரங்கள் ஒவ்வொரு முறை நினைத்துப் பார்க்கும்போதும் மாறக்கூடியவை. நார்அட்ரினலினும் கார்டிசாலும் தரும் வலிமையை அந்த விவரங்கள் உண்மை என்பதற்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

அந்த விபத்து உங்களை இன்னும் தூக்கத்தில் எழுப்புகிறது, அந்தச் சாலையைத் தவிர்க்க வைக்கிறது என்றால், அது வெறும் நினைவு என்ற எல்லையைத் தாண்டிவிட்டது. அதற்குப் பயனுள்ள சிகிச்சை உண்டு. எத்தனை ஆண்டுகள் கழிந்திருந்தாலும் மனநல மருத்துவரிடம் போகலாம்.

கேள்வி: தேர்வுக்கு நன்றாகப் படித்துவிட்டுப் போகிறேன். வினாத்தாளைப் பார்த்ததும் ஒன்றுமே வரவில்லை. அறையை விட்டு வெளியே வந்து சிறிது நேரத்தில் எல்லா விடைகளும் வந்துவிடுகின்றன. பதற்றம் நினைவை வலுப்படுத்தும் என்கிறார்களே, எனக்கு மட்டும் ஏன் தலைகீழாக நடக்கிறது? (கல்லூரி மாணவி)

உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் அப்படித்தான் நடக்கிறது. பதற்றம் வலுப்படுத்துவது, அந்தப் பதற்றத்தின்போது நடக்கும் நிகழ்ச்சியின் நினைவை. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் வேறொரு நினைவை வெளியே எடுப்பதற்கு அதே கார்டிசால் இடையூறு செய்கிறது. தேர்வு அறையின் சுவரும் கண்காணிப்பாளரின் முகமும் உங்களுக்குப் பல ஆண்டுகள் நினைவிருக்கலாம். முந்தைய வாரம் படித்த பாடம் அந்த நேரத்தில் வராமல் போகலாம்.

டொமினிக் டி குவெர்வெய்னும் உடன் ஆய்வாளர்களும் 1998இல் எலிகளிடம் இதைச் சோதித்தார்கள். நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தைக் கற்றுக்கொண்ட எலிகளுக்கு மறுநாள் சோதனைக்கு முன் சிறு மின்னதிர்ச்சி தரப்பட்டது. அதிர்ச்சி தந்து 2 நிமிடத்தில் சோதித்தபோதும், 4 மணி நேரம் கழித்துச் சோதித்தபோதும் எலிகள் மேடையின் இடத்தை நன்றாக நினைவில் வைத்திருந்தன. 30 நிமிடம் கழித்துச் சோதித்தபோது மட்டும் தடுமாறின. அது கார்டிசால் வகை அட்ரீனல் ஹார்மோன் ரத்தத்தில் உயர்ந்து நிற்கும் நேரம். அந்த ஹார்மோன் உருவாவதையே மருந்தால் தடுத்தபோது தடுமாற்றம் ஏற்படவில்லை. பின்னர் நலமான மனிதர்களுக்கு உடலுக்குள் கார்டிசாலாக மாறும் கார்டிசோன் மாத்திரையை (25 மில்லிகிராம்) ஒருமுறை மட்டும் கொடுத்து, முந்தைய நாள் கற்ற சொற்களைக் கேட்டபோதும் அவர்களால் குறைவான சொற்களையே நினைவுக்குக் கொண்டுவர முடிந்தது. எலிகளில் நார்அட்ரினலினின் செயலைத் தடுத்தால் கார்டிசால் வகை ஹார்மோனின் இந்த இடையூறும் நின்றுபோகிறது. நினைவைப் பதியவைக்கும்போது கைகோத்த அதே இருவர்தான் அதை எடுக்கும்போது தடையாகவும் கைகோக்கிறார்கள்.

இதனோடு இன்னொன்றும் சேர்கிறது. படித்ததைச் சிறிது நேரம் மனத்தில் ஏந்திக் கணக்கிடவும் ஒப்பிடவும் உதவுவது நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி. அங்கே டோபமைனும் நார்அட்ரினலினும் மிதமாக இருக்கும்போது வேலை சீராக நடக்கிறது. மிகக் குறைந்தாலும், மிக அதிகரித்தாலும் தடுமாறுகிறது. கடும் பதற்றத்தில் அவை அளவுக்கு மேல் பெருகுகின்றன. அதனால்தான் விடை நினைவில்லாததோடு வினாவையே இரண்டு மூன்று முறை படிக்க வேண்டியிருக்கிறது.

இதிலிருந்து பயன் தரும் சில முடிவுகள் உண்டு. எளிய வினாக்களை முதலில் எழுதுவது நேரத்தை மட்டும் மிச்சப்படுத்துவதில்லை, பதற்றத்தையும் இறக்குகிறது. புத்தகத்தைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, மூடி வைத்துவிட்டு விடையை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களின் நினைவு பதற்றத்தை அதிகம் தாங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தேர்வு அறையைப் போன்ற சூழலில், கடிகாரத்தை வைத்துக்கொண்டு பலமுறை எழுதிப் பழகுங்கள். பழகிய சூழலுக்கு உடல் தரும் கார்டிசால் பெரும்பாலும் முதல் முறையைவிடக் குறைவு. பதற்றத்தைத் தணிக்க யாரோ கொடுக்கும் மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் உட்கொள்ளாதீர்கள். புரோப்ரனோலால் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு உயிராபத்தையே விளைவிக்கக்கூடும்.

கேள்வி: இரவு முழுவதும் விழித்துப் படித்தால் அதிகப் பாடங்களை முடிக்க முடிகிறது. தூங்குவதால் நினைவு வளரும் என்பது வெறும் அறிவுரையா, அதற்கு வேதியியல் காரணம் உண்டா? (போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்)

காரணம் உண்டு, அது மிக அழகானது. விழித்திருந்து கவனிக்கும்போது ஹிப்போகாம்பஸில் அசிட்டைல்கோலின் மிகுதியாக இருக்கிறது. வெளியிலிருந்து வரும் செய்தியை உள்வாங்குவதற்கு அந்த நிலை ஏற்றது. உள்ளே வந்ததைப் பெருமூளைப் புறணிக்கு (மூளையின் வெளி அடுக்கு) அனுப்பி நிலைப்படுத்துவதற்கு அது ஏற்றதல்ல. இரவின் முற்பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில் அசிட்டைல்கோலின் வெகுவாகக் குறைகிறது. அதே நேரத்தில் கார்டிசாலும் 24 மணி நேரச் சுழற்சியில் தன் மிகத் தாழ்ந்த அளவில் இருக்கிறது. இந்த இரண்டும் ஒருங்கே தாழ்ந்திருக்கும் சில மணி நேரத்தில், பகலில் இயங்கிய நரம்பணுக் கூட்டங்களை ஹிப்போகாம்பஸ் மீண்டும் இயக்கிப் பார்க்கிறது. எலிகள் தூங்கும்போது அப்படி நடப்பதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994இல் பதிவு செய்தனர்.

அந்தத் தாழ்நிலை உண்மையிலேயே தேவைதானா என்பதை ஜெர்மனியில் யான் போர்னும் அவருடைய குழுவினரும் நேரடியாகச் சோதித்தார்கள். தூங்கச் செல்வதற்கு முன் சொல் இணைகளைக் கற்றவர்களுக்கு, முற்பகுதித் தூக்கத்தின்போது கார்டிசாலை ரத்தத்தில் செலுத்தினார்கள். வேறோர் ஆய்வில் அசிட்டைல்கோலினை உயர்த்தும் மருந்தைச் செலுத்தினார்கள். இரண்டிலும் தூக்கம் தொடர்ந்தது. ஆனால் சொல் இணைகளை நிலைப்படுத்தும் பயனைத் தூக்கம் தரவில்லை. தூங்கினால் மட்டும் போதாது, ஹார்மோனும் மூளை வேதிப்பொருளும் உரிய அளவுக்கு இறங்கியிருக்கவும் வேண்டும் என்பது இதனால் தெளிவாகிறது.

நீங்கள் விழித்திருக்கும் இரவில் அசிட்டைல்கோலின் உயர்ந்தே இருக்கிறது. தூக்கத்தை இழந்த உடலில் மறுநாள் மாலைக் கார்டிசாலும் இறங்க வேண்டிய அளவுக்கு இறங்குவதில்லை. புத்தகத்தில் பக்கங்கள் நகர்ந்திருக்கும். அவற்றில் எவ்வளவு தங்கும் என்பதே என் கவலை. அதிகாலையில் எழுந்து படிக்கலாமா என்று அடுத்து நீங்கள் கேட்கக்கூடும். முன்னிரவிலேயே படுத்து, தேவையான மணி நேரம் தூங்கிவிட்டு எழுவதென்றால் தாராளமாகப் படிக்கலாம்.

கேள்வி: வயது 49. மாதவிடாய் ஒழுங்கற்றுப் போனது முதல், பேசிக்கொண்டிருக்கும்போதே தெரிந்த சொல் வருவதில்லை. எடுக்கப் போன பொருளை மறந்து நிற்கிறேன். மறதி நோயின் தொடக்கமா? ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உட்கொண்டால் சரியாகுமா? (இல்லத்தரசி)

உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. நீங்கள் விவரிப்பது மறதி நோயின் தொடக்கமாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. மாதவிடாய் நிற்கும் காலத்தைச் சுற்றிய ஆண்டுகளில் சொற்களைக் கற்பதிலும் நினைவுக்குக் கொண்டுவருவதிலும் சிறிய தளர்ச்சி உண்மையாகவே ஏற்படுகிறது. பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், மாதவிடாய் முற்றிலும் நின்ற பிறகு கற்கும் திறன் மீண்டும் முன்னேறியது. "எல்லாம் உங்கள் கற்பனை" என்று யாராவது சொன்னால் அதை நம்பாதீர்கள்.

ஈஸ்ட்ரோஜனுக்கு நினைவோடு இருக்கும் தொடர்பு வியக்கத்தக்கது. நான்கைந்து நாள் நீளும் இனப்பெருக்கச் சுழற்சியைக் கொண்ட பெண் எலிகளின் ஹிப்போகாம்பஸில், நரம்பணுக் கிளைகளின் மேல் உள்ள நுண்முட்களின் அடர்த்தி ஒரே நாள் இடைவெளியில் ஏறக்குறைய 30 சதவீதம் மாறுவதை கேத்தரின் வூலியும் மெக்யூவனும் 1990இல் வெளியிட்டனர். குளுட்டமேட் வந்து சேரும் இடங்கள் அந்த நுண்முட்கள்தான். ஈஸ்ட்ரோஜன் குளுட்டமேட்டின் செயலை எளிதாக்குகிறது, அசிட்டைல்கோலினை உருவாக்கும் நொதியையும் கூட்டுகிறது. அதன் அளவு ஒரு மாதம் உயர்ந்தும் மறு மாதம் சரிந்தும் தடுமாறும் ஆண்டுகளில் இவை எல்லாமே அசைகின்றன.

அப்படியானால் வெளியிலிருந்து ஈஸ்ட்ரோஜனைக் கொடுத்தால் போதுமே என்று தோன்றும். மருத்துவ உலகுக்கும் அப்படித்தான் தோன்றியது. 65 வயதைக் கடந்த 4,532 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2003இல் வெளியானபோது, ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டவர்களுக்கு மறதி நோயின் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. வேறொரு சிறிய ஆய்வில், அசிட்டைல்கோலினைத் தற்காலிகமாகத் தடுக்கும் மருந்தைக் கொடுத்துச் சோதித்தபோது, மாதவிடாய் நின்று அதிகக் காலம் ஆகாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் அந்தத் தடையின் பாதிப்பைக் குறைத்தது. எழுபதைத் தாண்டியவர்களுக்கு அதை அதிகமாக்கியது. ஒரே ஹார்மோனும் ஒரே மூளை வேதிப்பொருளும் வயது மாறும்போது வேறுவிதமாகப் பொருந்துகின்றன. 2003இன் முடிவை உங்கள் வயதுக்கு அப்படியே பொருத்திப் பார்த்து அஞ்சவும் வேண்டாம், நினைவுக்காக மட்டும் ஈஸ்ட்ரோஜனை நாடவும் வேண்டாம்.

நான் உங்களிடம் முதலில் கேட்க விரும்புவது தூக்கத்தைப் பற்றி. உடல் திடீரென்று சூடாகி வியர்ப்பது இரவில் பலமுறை நிகழ்கிறதா? கருவி கொண்டு அளந்து பார்த்தபோது, இப்படிப்பட்ட சூட்டு அலைகள் அதிகமாக இருந்த பெண்களுக்குச் சொல் நினைவு குறைவாக இருந்தது. அவை கடுமையாக இருந்தால் ஹார்மோன் சிகிச்சை அவற்றைத் தணிக்கும். தூக்கம் சீராகி நினைவும் அதன் வழியே தெளியலாம். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு போன்ற வரலாறு உங்களுக்கோ குடும்பத்திலோ உண்டா என்பதைச் சொல்லி, மகப்பேறு மருத்துவரோடு கலந்து முடிவெடுங்கள்.

கேள்வி: தாயாருக்கு 72 வயது. ஆறு மாதமாக மறதி கூடிவருகிறது. எதையும் மெதுவாகவே செய்கிறார். தூக்கத்துக்கும் அரிப்புக்கும் சிறுநீர் அடிக்கடி வருவதற்கும் மாத்திரைகள் உட்கொள்கிறார். வயதானால் இப்படித்தான் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். விட்டுவிடலாமா? (மகன்)

விட்டுவிடாதீர்கள். ஆறு மாதத்தில் கூடிய மறதிக்கு வயது என்பது விடையாகாது.

நீங்கள் எழுதிய மாத்திரைகள்தான் என் கண்ணில் முதலில் பட்டன. பழைய வகை ஒவ்வாமை மாத்திரைகளான டைபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின் ஆகியவையும், சிறுநீர்ப்பைக்குத் தரப்படும் ஆக்ஸிபியூட்டினினும், தூக்கத்துக்காகச் சிலருக்குத் தரப்படும் அமிட்ரிப்டிலினும் அசிட்டைல்கோலினைத் தடுப்பவை. அசிட்டைல்கோலினைத் தடுக்கும் ஸ்கோபொலமின் என்ற மருந்தை இளம் வயதினருக்குக் கொடுத்து 1974இல் சோதித்தபோது, அவர்களுடைய நினைவுக் குறைபாடு முதியவர்களிடம் காணப்படுவதை ஒத்திருந்தது. முதியவர்களின் மூளையில் இந்த வேதிப்பொருளின் இருப்பு ஏற்கெனவே குறைவு. இத்தகைய மாத்திரைகள் இரண்டு மூன்று சேரும்போது மறதி வெளிப்படையாகத் தெரியத் தொடங்குகிறது. மறதி நோய்க்குத் தரும் டோனெபெசில் அசிட்டைல்கோலின் சிதையாமல் காத்து அதன் அளவை உயர்த்தப் பார்க்கிறது. ஒரு மருத்துவர் அதையும், இன்னொருவர் ஆக்ஸிபியூட்டினினையும் ஒரே நோயாளிக்கு எழுதித் தருவதும் உண்டு. ஒன்றின் வேலையை மற்றொன்று அழிக்கிறது. எல்லா மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

அடுத்து, தைராய்டு. மந்தமும் மறதியும் சேர்ந்து வந்தால் டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4 என்ற வடிவத்தை அனுப்புகிறது. மூளையில் நரம்பணுக்களைத் தாங்கும் துணை அணுக்கள் அதை, வீரியமுள்ள டி3 ஆக மாற்றித் தருகின்றன. டி3 குறைந்தால் ஹிப்போகாம்பஸின் மரபணுச் செயல்பாடு தளர்கிறது, பேச்சும் சிந்தனையும் மெதுவாகின்றன. மாத்திரையால் இதைச் சரிசெய்யலாம், பலருக்கு நினைவும் தெளிகிறது. வைட்டமின் பி12, சோடியம், சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவற்றையும் அதே வருகையில் பார்த்துவிடுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்தும் மறதி தொடர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் செல்வது அடுத்த படி.

கேள்வி: டோபமைன் கூடினால் மாணவர்கள் நன்றாகப் படிப்பார்கள் என்று எங்கும் பேச்சாக இருக்கிறது. வகுப்பறையில் அதற்கு ஏதாவது செய்ய முடியுமா? (தொடக்கப் பள்ளி ஆசிரியை)

டோபமைனைக் கூட்டுவதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் தள்ளிவையுங்கள். டோபமைன் மாத்திரையாக உட்சென்றால் மூளையை அடைவதே இல்லை. ஆனால் எதிர்பாராத புதுமையைச் சந்திக்கும்போது ஹிப்போகாம்பஸில் டோபமைன் வெளிப்படுகிறது என்பது உண்மை. நார்அட்ரினலினுக்குப் பெயர்பெற்ற மூளைத்தண்டு நரம்பணுக்களே அந்த டோபமைனையும் வெளியிடுகின்றன என்பது எலிகளில் 2016இல் வெளியான ஆய்வின் முடிவு. அர்ஜென்டினாவின் தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு கதையைக் கேட்ட குழந்தைகளுக்கு, அதற்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ வழக்கத்துக்கு மாறான ஒரு வகுப்பை நடத்தினார்கள். மறுநாள் அவர்களுக்குக் கதை கூடுதலாக நினைவிருந்தது. நான்கு மணி நேர இடைவெளியில் நடத்திய வகுப்பால் அந்தப் பயன் கிடைக்கவில்லை. குழந்தைகள் பாடத்தை மறக்கக் கூடாது என்று நீங்கள் நினைக்கும் நாளில், அதே முற்பகலில் அவர்களை வெளியே அழைத்துச் சென்று புதிதாக ஒன்றைச் செய்ய விடுங்கள். ஒவ்வொரு நாளும் அதையே செய்தால் அதில் புதுமை இருக்காது.

கேள்வி: மூட்டு நோய்க்காகப் பிரெட்னிசோலோன் மாத்திரையைச் சில மாதங்களாக உட்கொள்கிறேன். மறதியும் தூக்கமின்மையும் வந்துவிட்டன. இதற்கும் மாத்திரைக்கும் தொடர்பு இருக்குமா? நிறுத்திப் பார்க்கட்டுமா? (38 வயது வாசகர்)

தொடர்பு இருக்கலாம். பிரெட்னிசோலோன் கார்டிசாலைப் போலச் செயல்படும் மருந்து; அளவு கூடக்கூட மனநிலை, தூக்கம், நினைவு ஆகியவற்றில் மாற்றம் தோன்றும் வாய்ப்பும் கூடுகிறது. உடலிலேயே கார்டிசால் அளவுக்கு மீறிச் சுரக்கும் குஷிங் நோயாளிகளிடம் ஹிப்போகாம்பஸ் சுருங்கியிருப்பதையும், சிகிச்சைக்குப் பின் அது ஓரளவு மீண்டும் வளர்வதையும் மோனிகா ஸ்டார்க்மனின் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். மருந்தால் வந்த மறதியும் அளவைக் குறைத்த பிறகு பெரும்பாலும் தெளிந்துவிடுகிறது.

ஆனால் நீங்களாக நிறுத்திப் பார்க்காதீர்கள். மாதக்கணக்கில் இந்த மாத்திரை வந்துகொண்டிருந்ததால் உங்கள் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் உடலுக்கு வேண்டிய கார்டிசால் கிடைக்காமல் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். மருந்தை எழுதித் தந்த மருத்துவரிடம் மறதியைப் பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள். மாத்திரையைக் காலையில் மட்டும் உட்கொள்ளலாமா, அளவைப் படிப்படியாக எவ்வளவு குறைக்கலாம், மூட்டு நோய்க்கு வேறு மருந்து உண்டா என்ற மூன்றையும் அவரிடமே கேளுங்கள்.